வயல் நாட்டில் சாரணர் படை கண்ட பங்குத்தந்தை ஜொவான்னி மின்சோனி

சாரணர் படை என்பது பட்டணத்துப் பள்ளிக்கூடங்களுக்குத்தான் பொருந்தும், நாட்டுப்புறத்தில் அது நிலைக்காது என்று சொல்வோர் நம்மிடையே உண்டு. நடவு வந்தால் பையன் வயலுக்குப் போய்விடுவான், அறுப்பு வந்தால் களத்துக்குப் போய்விடுவான், படை கலைந்துவிடும் என்பது அவர்கள் வாதம். நாமும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தோம். ஆனால் நம் பங்குத் திருவிழாப் பவனியில் கொடி ஏந்தி முன்னே நடக்கும் சிறுவர்களைக் காணும்போதெல்லாம், இத்தாலி நாட்டில் ஒரு விவசாயப் பங்கில் இதே வேலையைச் செய்து, அதன் பொருட்டு உயிரையும் கொடுத்த ஒரு குருவானவரின் நினைவு நமக்கு வருகிறது. அவர் பெயர் ஜொவான்னி மின்சோனி. நாம் குருக்களைச் சுவாமி என்று அழைப்பதுபோல இத்தாலியர் தொன் என்று அழைப்பார்கள். ஆகவே அந்த நாட்டில் தொன் மின்சோனி என்றால் தெரியாதவர் குறைவு. நம் பக்கத்தில் அவரை அறிந்தவர் வெகு சிலரே. இந்த ஜூபிலி மலரில் அவருடைய வாழ்க்கையை எழுத முன்வந்தது அதனால்தான்.

மின்சோனி 1885-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள், அர்ச். இராயப்பர் சின்னப்பர் திருநாளன்று, ராவென்னா நகரில் பிறந்தார். பழைய கோவில்களுக்கும் அவற்றின் சுவர்களில் பதித்த வண்ணக்கல் சித்திரங்களுக்கும் பேர்போன நகரம் அது. சிறு வயதிலேயே அந்நகரின் குருமடத்தில் சேர்ந்தார். திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் தொழிலாளர் நிலை பற்றி 1891-இல் வெளியிட்ட நிருபம் இளங்குருக்களின் உள்ளத்தைக் கிளறிவிட்டிருந்த காலம் அது. திருச்சபை பீடத்தின் அருகே மட்டும் நின்றால் போதாது, கூலிக்காரனின் குடிசைக்கும் போக வேண்டும் என்ற எண்ணம் குருமடச் சுவர்களுக்குள்ளும் புகுந்திருந்தது. மின்சோனி அந்த எண்ணத்தோடுதான் 1909-இல் குருப்பட்டம் பெற்றார். மறு ஆண்டே ஆர்ஜெந்தா என்னும் ஊருக்கு உதவிப் பங்குக்குருவாக அனுப்பப்பட்டார்.

ஆர்ஜெந்தாவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லாமல் இவர் கதையைச் சொல்ல முடியாது. நாட்டு நிர்வாகத்தில் அது ஃபெர்ராரா மாவட்டத்தைச் சேர்ந்தது. திருச்சபை நிர்வாகத்தில் ராவென்னா உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. போ நதி கடலோடு கலக்கும் கழிமுகப் பூமிக்குத் தெற்கே, ரேனோ ஆற்றின் அருகே, கண்ணுக்கெட்டிய தூரம் மட்டமான நிலம். ஒரு பக்கம் கொமாக்கியோவின் பெரும் சதுப்பு ஏரிகள். சதுப்பை வாய்க்கால் வெட்டி வடித்து, கரை போட்டு, மண்ணைக் காயவைத்து, வயலாக்கிய நாடு அது. கோதுமை, சணல், சர்க்கரைக்கிழங்கு ஆகியவை அங்கே பயிராகும். நிலம் பெரிய பண்ணையார்களின் கையில் இருந்தது. வேலை செய்தவர்களோ சொந்தமாக ஒரு பாத்தி மண்ணும் இல்லாத தினக்கூலிகள். ஆண்டில் பல மாதம் அவர்களுக்கு வேலை கிடையாது. வேலை இல்லாத மாதங்களில் அடுப்பு எரிவது கடினம். கழிமுக நாட்டுக் கூலி விவசாயியின் நிலைமையை அறிந்த நம் வாசகர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கூலி மக்கள் சோஷலிஸ்டு சங்கங்களில் ஒன்றுதிரண்டார்கள். வேலைநிறுத்தங்கள் நடந்தன. கோவிலையும் பண்ணையாரையும் ஒரே கட்சியாகப் பார்த்தார்கள். குருவானவர் தெருவில் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஊராக ஆர்ஜெந்தா இருந்தது. உள்ளதைச் சொன்னால், அவர்கள் அப்படி நினைத்ததற்கு நம்மவர்களும் பல இடங்களில் காரணமாயிருந்தார்கள். இளங்குரு மின்சோனி இதைக் கண்டு ஒதுங்கிக்கொள்ளவில்லை. கோவிலுக்கு வராதவர்களிடம் தாமே போனார்.

அன்பு மட்டும் போதாது, அறிவும் வேண்டும் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். 1912-இல் பெர்கமோ நகருக்குச் சென்று, அங்கிருந்த கத்தோலிக்க சமூகவியல் பள்ளியில் இரண்டு ஆண்டுகள் படித்து, 1914-இல் தேர்ச்சி பெற்றார். கூட்டுறவுச் சங்கம் எப்படி அமைப்பது, தொழிலாளர் சட்டம் என்ன சொல்கிறது என்பதெல்லாம் அங்கே கற்பித்தார்கள். பின் 1916-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஆர்ஜெந்தாவின் புனித நிக்கொலாஸ் ஆலயத்துக்கு அவரே பங்குத்தந்தை ஆனார்.

ஆனால் பங்கை ஏற்ற அதே ஆண்டில் முதல் உலகப் போர் அவரை இழுத்துக்கொண்டது. இத்தாலியில் அக்காலத்தில் குருக்களுக்கும் படைச் சேவை உண்டு. முதலில் மருத்துவமனைப் பணி கொடுத்தார்கள். அவரோ போர்முனையில் சாகும் பையன்களின் அருகே இருக்க விரும்பி, கேட்டு வாங்கிக்கொண்டு, காலாட்படையின் 255-ஆம் ரெஜிமெண்டுக்கு ஆன்ம குருவாகப் போனார். 1918-இல் பியாவே ஆற்றங்கரைப் போரில் காட்டிய துணிவுக்காக அவருக்கு வெள்ளிப் பதக்கம் அளிக்கப்பட்டது. இந்தப் பதக்கத்தை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். பிற்காலத்தில் அவரை எதிர்த்தவர்கள் நாட்டுப்பற்று என்ற சொல்லைத்தான் ஆயுதமாக எடுத்தார்கள். ஆனால் நாட்டுக்காகக் குண்டு மழையில் நின்றவர் அவர்.

போர் முடிந்து ஊருக்குத் திரும்பியவர், பங்கு வேலையைப் புதிதாய்த் தொடங்கினார். கூலிகளுக்கும், நெசவு செய்யும் பெண்களுக்கும் கூட்டுறவுச் சங்கங்கள் அமைந்தன. பள்ளி முடிந்து வரும் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு, நூல்நிலையம், நாடக மேடை, ஆண் பிள்ளைகளுக்கு ஒரு சபை, பெண் பிள்ளைகளுக்கு ஒரு சபை என்று பங்குமனையைச் சுற்றி எப்போதும் இரைச்சலாக இருந்தது. பங்குமனையில் அமைதி வேண்டும் என்போர் அங்கே இருந்திருக்க முடியாது.

இதற்குள் நாட்டில் வேறொரு புயல் கிளம்பியிருந்தது. முசோலினியின் ஃபாசிஸ்டுக் கட்சியார் கறுப்புச் சட்டை அணிந்து, கையில் தடியோடு, லாரிகளில் ஏறி ஊர் ஊராக வந்தார்கள். ஃபெர்ராரா மாவட்டத்தில் அவர்களுக்குத் தலைவராயிருந்தவர் இத்தாலோ பால்போ. பண்ணையார்கள் பணம் கொடுத்தார்கள். கூலிச் சங்கக் கட்டடங்கள் எரிக்கப்பட்டன. எதிர்த்தவர்களைப் பிடித்து அடிப்பதும், வலுக்கட்டாயமாய் விளக்கெண்ணெய் குடிக்கவைத்து அவமானப்படுத்துவதும் அவர்கள் வழக்கம். 1921 மே 7-ஆம் நாள் ஆர்ஜெந்தாவில் நத்தாலே கைபா என்னும் சோஷலிஸ்டுத் தொழிற்சங்கத் தலைவர் கொலை செய்யப்பட்டார். கொள்கையில் அவரும் மின்சோனியும் வேறு வேறு துருவம். ஆனாலும் இருவரும் நண்பர்கள். அந்தச் சாவு பங்குத்தந்தையின் உள்ளத்தில் ஆழமாகப் பதிந்தது. இனி எந்தப் பக்கம் நிற்பது என்பதில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. 1922 அக்டோபரில் முசோலினி ஆட்சியைப் பிடித்தார். சட்டமும் போலீசும் இப்போது தடி பிடித்தவர்கள் பக்கம்.

இந்தச் சூழ்நிலையில்தான், 1923-ஆம் ஆண்டில், மின்சோனி தம் பங்கில் சாரணர் படை தொடங்கினார்.

சாரண இயக்கம் அப்போது இளமையாகவே இருந்தது. பேடன் பவல் பிரபு இங்கிலாந்தில் பிரவுன்சீ தீவில் இருபது சிறுவர்களோடு முதல் பாசறை நடத்தியது 1907-இல். செல்வர் வீட்டுப் பிள்ளைகளையும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளையும் கலந்து அணிகளாகப் பிரித்தது அந்தப் பாசறையின் சிறப்பு. இத்தாலியில் கத்தோலிக்கச் சாரணர் சங்கத்தை 1916-இல் நிறுவியவர் மாரியோ தி கார்பேஞா என்னும் பிரபு. பொலோஞா நகரில் எமிலியோ ஃபஜ்ஜோலி என்னும் குரு இந்த வேலையில் முன்னணியில் நின்றார். அவரோடு தொடர்பு ஏற்பட்டபோது, தாம் பல ஆண்டுகளாய்த் தேடியது இதுதான் என்று மின்சோனி கண்டுகொண்டார்.

அப்படி அதில் என்ன கண்டார்? நாட்டுப்புறத்தில் சாரணர் பணியை அருகிருந்து பார்த்தவர்கள் என்ற முறையில் நாமும் இங்கே இரண்டு வார்த்தை சொல்லலாம். பங்குக்கு ஒரு சபை அமைத்தால், பெரியவர்கள் பேசுவார்கள், பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். சாரணர் படையில் அது தலைகீழ். ஆறு முதல் எட்டுப் பையன்கள் ஓர் அணி. அவர்களில் ஒருவனே அணித் தலைவன். அடுத்தவனுக்கு முடிச்சுப் போடக் கற்றுக்கொடுப்பதும், கஞ்சி காய்ச்சுவதும், கூடாரம் அடிப்பதும், நடக்க முடியாத சிறியவனின் மூட்டையைத் தூக்குவதும் அவர்கள் வேலை. இதற்கு மாளிகையும் வேண்டாம், மைதானமும் வேண்டாம். வாய்க்கால் கரையும் வயல் வரப்பும் போதும். பட்டணத்துப் பையன் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளும் பறவையையும் மரத்தையும் கிராமத்துப் பையன் பிறந்தது முதல் அறிவான். மற்றவர் முன்னால் வாய் திறக்கவும், ஒரு காரியத்தைப் பொறுப்பேற்று முடிக்கவும்தான் அவனுக்குப் பழக்கம் வேண்டும். கூலிக்காரன் மகன், பிறர் ஏவியதைச் செய்தே வளர்ந்தவன், ஆறு பேருக்குத் தலைவனாகி நிற்கும்போது அவன் முதுகு நிமிர்வதை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம்.

நடவு வந்தால் படை கலைந்துவிடும் என்ற பேச்சுக்கும் இதுவே பதில். ஆசிரியர் ஒருவரையே நம்பியிருக்கும் படைதான் கலையும். அணித் தலைவர்கள் உறுதியாக இருக்கும் படை, வேலைக் காலத்தில் சுருங்கும், வேலை முடிந்ததும் தானாகவே கூடிவிடும்.

ஆனால் ஆர்ஜெந்தாவில் இது வெறும் பொழுதுபோக்கு விஷயமல்ல. ஃபாசிஸ்டுகள் சிறுவர்களைத் தங்கள் அணிகளில் சேர்த்துக் கறுப்புச் சட்டை மாட்டிவிடத் தொடங்கியிருந்தார்கள். தலைவன் சொன்னதைக் கேட்பதே அங்கே பாடம். சாரணன் கொடுக்கும் வாக்குறுதியோ முதலில் கடவுளுக்கு, பிறகு நாட்டுக்கு, பிறகு பிறருக்கு உதவுவது. மனச்சாட்சி ஒன்றை மனதில் வைத்து வளர்ந்த பையனை லாரியில் ஏற்றித் தடி கொடுத்து அனுப்புவது சுலபமல்ல. இதை மின்சோனி நன்றாக அறிந்திருந்தார். எதிரிகளும் நன்றாக அறிந்திருந்தார்கள். அந்தச் சிறிய ஊரில் சில மாதங்களுக்குள் எழுபது பேர் அளவில் சிறுவர்களும் இளைஞர்களும் சாரணர்களாகச் சேர்ந்துவிட்டார்கள். ஊர்ப் பையன்களில் யார் எங்கே போகிறார்கள் என்பது ஒளிவு மறைவில்லாமல் தெரியும் விஷயம் அல்லவா?

அவரை வசப்படுத்தவும் முயற்சி நடந்தது. ஃபாசிஸ்டுத் தொண்டர் படைக்கு ஆன்ம குருவாக இருக்கும் பதவியைத் தருவதாகச் சொன்னார்கள். போர்ப் பதக்கம் பெற்றவர் ஆயிற்றே! அவர் மறுத்துவிட்டார். அதே 1923 ஏப்ரலில், லூயிஜி ஸ்துர்சோ என்னும் குரு நிறுவியிருந்த இத்தாலிய மக்கள் கட்சியில் வெளிப்படையாகச் சேர்ந்தார். அந்தக் கட்சி நசுங்கிக்கொண்டிருந்த நேரம் அது. வெற்றி பெறும் கட்சியில் சேர்வோரை உலகம் அறியும், தோற்கும் கட்சியில் சேர்வோர் அபூர்வம்.

அவ்வாண்டு ஜூலையில் ஃபஜ்ஜோலி ஆர்ஜெந்தாவுக்கு வந்து, பங்கு அரங்கில் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் சாரண இயக்கத்தைப் பற்றி விளக்கினார். சாரணர்கள் ஊர்ச் சதுக்கத்தில் அணிவகுத்து வருவதைப் பற்றிய பேச்சு எழுந்தது. கூட்டத்திலிருந்த ஃபாசிஸ்டு ஒருவர் குறுக்கிட்டு, அது நடக்காது என்று சவால் விட்டார். பங்குத்தந்தை எழுந்து, தாம் உயிரோடு இருக்கும்வரை பிள்ளைகள் அந்தச் சதுக்கத்தைக் கடந்து வருவார்கள் என்று பதில் சொன்னார். பையன்கள் ஒரு சதுக்கத்தில் நடப்பதா வேண்டாமா என்பது உயிர் போகிற விஷயமா என்று நமக்குத் தோன்றலாம். ஊர்ப் பொதுத் தெருவில் யார் நடக்கலாம், யார் நடக்கக் கூடாது என்பது உயிர் போகிற விஷயமாகவே இருந்திருக்கிறது, இத்தாலியில் மட்டுமல்ல.

தமக்கு என்ன நேரும் என்பதை அவர் ஊகித்திருந்தார். புயல் வரும், துன்பம் வரும், ஒருவேளை சாவும் வரும், கிறிஸ்துவின் பொருட்டு அதை ஏற்க வேண்டும் என்ற கருத்தை அவர் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருந்தார். நண்பர்கள் எச்சரித்தும் அவர் இரவில் வெளியே நடமாடுவதை நிறுத்தவில்லை.

1923 ஆகஸ்டு 23, வியாழக்கிழமை. இரவு சுமார் பத்தரை மணி. பங்கு மன்றத்திலிருந்து இளைஞர் ஒருவரோடு அவர் பங்குமனைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். இருட்டில் பதுங்கியிருந்த இருவர் பின்னாலிருந்து பாய்ந்து தடியால் தலையில் அடித்தார்கள். மண்டை பிளந்தது. முழங்காலில் விழுந்தவர் எழ முயன்றார், சில அடி தள்ளாடி நடந்து மறுபடியும் விழுந்தார். ஓடிவந்தவர்கள் அவரைப் பங்குமனைக்குத் தூக்கிச் சென்றார்கள். நள்ளிரவு வேளையில் அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 38. அவருடைய சாரணர் படைக்கு ஒரு வயதும் ஆகவில்லை.

அடித்தவர்கள் கசோனி, மொலினாரி என்னும் இருவர். வெளியூரிலிருந்து இதற்கென்றே அனுப்பப்பட்டவர்கள். உள்ளூர் ஃபாசிஸ்டுத் தலைவர்கள் மீதும் சந்தேகம் விழுந்தது. ஆனால் விசாரணை சீக்கிரமே மூடி வைக்கப்பட்டது. அதை மறுபடியும் திறக்கச் செய்தவர்கள் பத்திரிகைக்காரர்கள். மக்கள் கட்சியின் நாளேட்டை நடத்திய ஜுசெப்பே தொனாத்தியும், குடியரசுக் கட்சியின் ஏடும் 1924-இல் பால்போவின் பெயரையே வெளிப்படையாக எழுதினார்கள். பால்போ மானநஷ்ட வழக்குப் போட்டுத் தோற்றார். தொண்டர் படைத் தலைமையையும் விட வேண்டியதாயிற்று. அதற்காக அவர் வாழ்வு கெட்டுவிடவில்லை. பின்னாளில் விமானப்படை அமைச்சரும் லிபியாவின் ஆளுநரும் ஆனார். தொனாத்திதான் 1925-இல் நாட்டை விட்டு ஓட வேண்டியிருந்தது. 1931-இல் பாரிசில் வறுமையில் இறந்தார். குற்றம் சாட்டப்பட்டவர்கள் மீதான வழக்கு 1925-இல் ஃபெர்ராராவில் நடந்தது. எல்லாரும் விடுதலை ஆனார்கள்.

சாரணர்களின் கதியைச் சொல்ல வேண்டும். 1927 ஜனவரியில் ஓர் ஆணை வந்தது. இருபதாயிரம் பேருக்குக் குறைந்த மக்கள்தொகை உள்ள ஊர்களில் சாரணர் படைகள் கலைக்கப்பட வேண்டும் என்பது அதன் சாரம். மாவட்டத் தலைநகரங்களுக்கு மட்டும் விலக்கு. முதலில் கைவைத்தது கிராமங்களின் மேல் என்பதைக் கவனிக்க வேண்டும். நாட்டுப்புறத்தில் சாரணர் படை நிலைக்காது என்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்களோ தெரியவில்லை. நிலைக்காத ஒன்றைக் கலைக்க யாரும் சட்டம் போட மாட்டார்கள். அடுத்த ஆண்டு, 1928-இல், பட்டணங்களிலும் தடை வந்தது. இத்தாலி முழுவதும் கத்தோலிக்கச் சாரணர் சங்கம் கலைக்கப்பட்டது. ஆயினும் மிலான், மோன்சா நகரங்களில் ஒரு சிறு கூட்டம் தங்களை அலையும் கழுகுகள் என்று அழைத்துக்கொண்டு, மலைப் பள்ளத்தாக்குகளில் மறைவாகப் பாசறை போட்டு, பதினேழு ஆண்டுகள் சாரண வாக்குறுதியைக் காப்பாற்றி வந்தது. இரண்டாம் உலகப் போரின் கடைசி ஆண்டுகளில், யூதர்களையும் தேடப்பட்டவர்களையும் மலைவழியே சுவிட்சர்லாந்துக்குக் கடத்திக் காப்பாற்றியவர்களில் இவர்கள் முக்கியமானவர்கள். மலைப் பாதையும் இரவு நடையும் அவர்களுக்குப் பழக்கமானவை அல்லவா!

ஆர்ஜெந்தாவும் துன்பத்துக்குத் தப்பவில்லை. 1945 ஏப்ரலில், சதுப்பு ஏரிகளுக்கு இடையே இருந்த அந்தக் குறுகிய நிலப் பாதை வழியாகவே நேச நாட்டுப் படைகள் வடக்கே முன்னேறின. குண்டு வீச்சில் ஊரின் பெரும் பகுதி தரைமட்டமாயிற்று. மின்சோனி திருப்பலி நிறைவேற்றிய ஆலயமும் அழிந்து, பின்னர் புதிதாய்க் கட்டப்பட்டது. போர் முடிந்தபின் 1947-இல் கொலை வழக்கு ராவென்னாவில் மறுபடியும் நடந்தது. கொலையாளிகள் குற்றவாளிகள் என்று இம்முறை தீர்ப்பாயிற்று. ஆனால் வேண்டுமென்று செய்த கொலையாக அது கருதப்படவில்லை. பொது மன்னிப்புச் சட்டத்தின்கீழ் அவர்கள் விடுதலையானார்கள். இருபத்துநான்கு ஆண்டு காத்திருந்த பங்கு மக்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

சாரணர்கள் மட்டும் திரும்பி வந்தார்கள். போருக்குப் பின் இத்தாலியக் கத்தோலிக்கச் சாரணர் சங்கம் மீண்டும் எழுந்தது. 1974-இல் ஆண், பெண் சாரணர் சங்கங்கள் ஒன்றாக இணைந்தன. அந்நாட்டில் பல படைகள் தொன் மின்சோனியின் பெயரைத் தாங்கியிருக்கின்றன. தெருக்களுக்கும் சதுக்கங்களுக்கும் அவர் பெயர் உண்டு. ராவென்னாவின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டிருந்த அவர் உடல், அவர் இறந்த அறுபதாம் ஆண்டான 1983-இல், ஆர்ஜெந்தாவுக்குக் கொண்டுவரப்பட்டு அவருடைய பங்கு ஆலயத்திலேயே வைக்கப்பட்டது. நூறாம் ஆண்டான 2023-இல், அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவிப்பதற்கான மறைமாவட்ட விசாரணை தொடங்கியது. அவர் மாண்டது விசுவாசத்தின் பொருட்டா, அரசியலின் பொருட்டா என்ற கேள்வியைத் திருச்சபையின் விசாரணையாளர்கள் ஆராய்வார்கள். எழுபது பையன்களைச் சதுக்கத்தின் வழியே நடத்திச் செல்ல விரும்பிய ஒரு பங்குத்தந்தை அந்த இரண்டையும் தனித்தனியே பிரித்துப் பார்த்திருப்பார் என்று நமக்குத் தோன்றவில்லை.

அவர் உடலை 1983-இல் ஆர்ஜெந்தாவுக்குக் கொண்டுவந்தபோது, ஒரு காலத்தில் குருவைக் கண்டால் முகம் திருப்பிய அந்த ஊர், தன் பங்குத்தந்தையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.